சாலிட்வொர்க்ஸ் புது வெர்ஷன் வந்துவிட்டது: எப்போது போடுவது?

நவம்பர் வாக்கில் லைசென்ஸ் விற்றவர்களிடமிருந்து மெயில் வரும். புது வெர்ஷன் தயார், இறக்கிக்கொள்ளுங்கள் என்று. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர் அன்று சாயங்காலமே "போட்டுடலாங்களா சார்?" என்று கேட்பார். ஆசை நியாயமானதுதான். ஆனால் வேலை நடக்கும் ஆபீஸில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, வேறு நாலைந்து கேள்விகளுக்கு முதலில் விடை தெரிய வேண்டும். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐந்தாறு பேர் இருக்கும் டிசைன் ஆபீஸில் "இனிமேல் சாஃப்ட்வேர் பொறுப்பு நீதான்" என்று திடீரென்று கைகாட்டப்பட்டவருக்கு இது முக்கியமாக உதவும்.

நான் கோவையில் பம்ப், வால்வு, ஷீட் மெட்டல் வேலைகள் செய்கிறேன். கையில் இருப்பது பாகங்களை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸ், பக்கத்தில் டிராயிங் வரையும் ஆட்டோகேட். அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும். வேறு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளலாம், கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான்.

முன்னால் போன ஃபைல் பின்னால் வராது

செல்போனில் ஒரு ஆப்பை அப்டேட் செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. செல்போனில் மாறுவது ஆப் மட்டும். இங்கே உங்கள் ஃபைலும் சேர்ந்து மாறுகிறது. பழைய வெர்ஷனில் செய்த பார்ட்டை (ஒரு தனிப் பாகத்தின் ஃபைலை)ப் புது வெர்ஷனில் திறந்து சேவ் செய்துவிட்டால் அது புது வெர்ஷன் ஃபைல். பழைய வெர்ஷன் இருக்கும் கம்ப்யூட்டரில் அதை முன்போல் திறந்து வேலை செய்ய முடியாது. மற்ற எல்லா யோசனையும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகிறது.

எங்கள் ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் சோதனைக்காகப் புது வெர்ஷன் போட்டிருந்தோம். அதில் உட்கார்ந்திருந்த தம்பி, நடப்பு வேலையின் ஃபோல்டரை அங்கிருந்தே திறந்து, ஒரு பம்ப் கேசிங்கில் ஃபில்லெட் (மூலையை வளைவாக்குவது) அளவு ஒன்றை மாற்றிவிட்டு சேவ் கொடுத்துவிட்டார். கூடவே பார்ட்டுகளைச் சேர்த்து வைத்த அசெம்பிளி ஃபைலும் திறந்திருந்தது. "சேர்ந்திருக்கும் பார்ட்டுகளையும் சேவ் செய்யவா?" என்று கேட்டது, சரி என்றார். மறுநாள் காலையில் மற்ற நாலு கம்ப்யூட்டரிலும் அந்த வேலை திறக்கவில்லை. அதைவிட மோசம், அந்த அசெம்பிளியில் இருந்த எம்10 போல்ட் எங்கள் பொது லைப்ரரியிலிருந்து வந்தது. அதுவும் மாறியிருந்தது. ஆகவே அந்த போல்ட் இருக்கிற வேறு வேலைகளிலும், சம்பந்தமே இல்லாத அசெம்பிளிகளில், போல்ட் இருக்கும் இடம் காலியாக வந்தது. முந்தைய நாள் பேக்கப்பை எடுத்து, விட்டுப்போன வேலையைத் திரும்பச் செய்தோம். அன்று போக வேண்டிய ஃபைல், வார்ப்புக்கு மாதிரி அச்சு செய்யும் பேட்டர்ன் கடைக்கு அடுத்த நாள் மதியம்தான் போனது. தவறு அந்தத் தம்பியுடையது இல்லை. சோதனைக் கம்ப்யூட்டரிலிருந்து நடப்பு ஃபோல்டருக்குள் எழுத முடியாதபடி நான் அடைத்து வைத்திருக்க வேண்டும்.

2024 வெர்ஷனிலிருந்து சாலிட்வொர்க்ஸில் ஒரு வசதி வந்திருக்கிறது. இரண்டு வெர்ஷன் வரை பின்னால் சேவ் செய்யலாம், வருடச் சந்தா நடப்பில் இருந்தால். நல்ல வசதிதான், வெண்டருக்கு அவசரமாக ஒரு ஃபைல் அனுப்பக் கைகொடுக்கும். ஆனால் இதை நம்பி ஆபீஸில் பாதிப் பேர் புதிதிலும் பாதிப் பேர் பழையதிலும் இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். பின்னால் சேவ் செய்தது தனி நகல். வெண்டர் அதில் ஒரு திருத்தம் செய்து அனுப்பினால், எது மூலம், எது நகல் என்ற குழப்பம் அன்றே தொடங்கிவிடும்.

ஆட்டோகேட் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். அதன் ஃபைல் வடிவமான டிடபிள்யூஜி ஒவ்வொரு வருடமும் மாறுவதில்லை. 2004, 2007, 2010, 2013, 2018 என்று விட்டு விட்டுத்தான் மாறியது. 2018 வடிவத்தை 2018 முதல் 2026 வரை எல்லா வெர்ஷனும் பயன்படுத்துகின்றன. கையில் வந்த ஃபைல் எந்த வடிவம் என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு நகல் எடுத்து அதை நோட்பேடில் திறங்கள். உள்ளே முழுக்கப் புரியாத குறிகளாக இருக்கும். ஆனால் முதல் ஆறு எழுத்து மட்டும் படிக்க வரும். ஏசி1032 என்றிருந்தால் 2018 வடிவம், ஏசி1027 என்றால் 2013, ஏசி1024 என்றால் 2010. பார்த்துவிட்டு சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள். வெண்டர் "ஃபைல் திறக்கலைங்க" என்று போன் செய்யும்போது இந்தச் சின்ன விஷயம் அரை மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும்.

கட்டடத் துறையில் ரெவிட் என்ற கட்டட மாடல் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பு தேவை. ரெவிட்டில் பின்னால் சேவ் செய்வதே கிடையாது. ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல், எம்இபி (ஏசி, மின்சாரம், பிளம்பிங்) என்று பல ஆபீஸ்கள் ஒரே மாடலில் இணைந்திருப்பார்கள். ஒரு ஆபீஸ் தனியாக முன்னால் போனால் மற்றவர்கள் எல்லாரும் வழியில் நின்றுவிடுவார்கள். அந்தத் திட்டம் எந்த வருட வெர்ஷனில் தொடங்கியதோ அதிலேயே முடிப்பதுதான் வழக்கம்.

முதலில் போன், அப்புறம் டவுன்லோட்

ஆகவே முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை. உங்கள் ஃபைல் யார் யாரிடம் போகிறது, யாரிடமிருந்து வருகிறது என்று ஒரு எக்செல் ஷீட்டில் எழுதுங்கள். கஸ்டமர், பேட்டர்ன் செய்பவர், லேசர் கட்டிங் கடை, சிஎன்சி ஜாப் ஒர்க், ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் செய்து தருபவர். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் இரண்டு விவரம்: அவரிடம் இருக்கும் வெர்ஷன், அவருக்கு நீங்கள் அனுப்பும் ஃபைல் வகை.

லேசர் கடைக்கு டிஎக்ஸ்எஃப் (வெட்டும் கோடுகள் மட்டும் உள்ள பொது வடிவம்) மட்டும் போகிறதென்றால் உங்கள் வெர்ஷன் மாறுவது அவருக்குத் தெரியவே தெரியாது. எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கும் பொது 3டி வடிவமான ஸ்டெப் ஃபைல் மட்டும் வாங்கும் டூல் ரூமுக்கும் அப்படித்தான். ஆனால் மூல ஃபைலையே வாங்கி அதில் டிராஃப்ட் (அச்சிலிருந்து எளிதாக எடுக்கச் சாய்வு) கொடுத்து, உலோகம் ஆறிச் சுருங்குவதற்கான அளவு சேர்க்கும் பேட்டர்ன் கடைக்காரருக்கு அது பெரிய விஷயம். அவர் வருடாவருடம் சந்தா கட்ட மாட்டார். "அண்ணா, நீங்க இப்ப எந்த வெர்ஷன் வெச்சிருக்கீங்க? இந்த வருஷம் மாத்துற யோசனை இருக்குங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாற்றும் யோசனை இல்லை என்று அவர் சொன்னால், அவருக்கு ஸ்டெப்பாக அனுப்பினால் போதுமா என்பதையும் அதே போனில் முடித்துக்கொள்ளுங்கள். பெரிய கஸ்டமர்கள் சிலர் எந்த வெர்ஷனில் ஃபைல் தர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதியிருப்பார்கள். அதைத் தாண்டி நீங்கள் போகவே முடியாது.

ஆபீஸுக்குள்ளும் ஒரு பட்டியல் தேவை. சாலிட்வொர்க்ஸோடு ஒட்டி ஓடும், மெஷினுக்கு புரோகிராம் தயாரிக்கும் கேம் (CAM) சாஃப்ட்வேர், அனாலிசிஸ் ஆட்-இன், நீங்களே எழுதிய மேக்ரோ, பாகப் பட்டியலை ஈஆர்பிக்கு (ஸ்டோர், பர்ச்சேஸ், கணக்கு பார்க்கும் சாஃப்ட்வேர்) அனுப்பும் சின்ன புரோகிராம். புது வெர்ஷனோடு வேலை செய்கிறது என்று அவற்றைச் செய்தவர்கள் சொல்லும்வரை நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். ஆட்டோகேடில் லிஸ்ப் ரொட்டீன்கள் (அதற்குள் ஓடும் சின்ன புரோகிராம்கள்) பெரும்பாலும் அப்படியே ஓடும். ஏஆர்எக்ஸ் என்ற முறையில் தயாரித்த ஆட்-இன்கள் வெர்ஷனைப் பார்த்துத்தான் ஓடும், புதிதாகத் தயாரித்து வாங்க வேண்டி வரலாம்.

சர்வீஸ் பேக் கணக்கு

சாலிட்வொர்க்ஸில் ஒவ்வொரு வருட வெர்ஷனும் முதலில் எஸ்பி 0 (எஸ்பி என்றால் சர்வீஸ் பேக்) என்று வரும். அதற்குப் பின் சில மாத இடைவெளியில் எஸ்பி 1, 2 என்று தொடர்ந்து வழக்கமாக எஸ்பி 5-ல் முடியும். ஒவ்வொன்றிலும் முந்தையதில் கண்டுபிடித்த பிழைகளைச் சரிசெய்திருப்பார்கள். எஸ்பி 0 மோசம் என்று நான் சொல்லவில்லை. வெளியிடுவதற்கு முன்பே பீட்டாவில் நிறையப் பேர் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஆனால் பத்து வருடம் முன்பு யாரோ செய்த, நாற்பது ஃபில்லெட் உள்ள உங்கள் வால்யூட் கேசிங்கை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. விதவிதமான பழைய ஃபைல்கள் உலகம் முழுக்கத் திறக்கப்படும்போதுதான் மிச்சப் பிழைகள் வெளியே வரும். அதற்குச் சில மாதம் ஆகும்.

என் வழக்கம் இது. எஸ்பி 0, எஸ்பி 1 வரும்போது புது வசதிகளின் பட்டியலைப் படிப்பதோடு சரி. எஸ்பி 2 வந்ததும் ஒரு கம்ப்யூட்டரில் போட்டுச் சோதனை. எஸ்பி 3 அல்லது அதற்குப் பிறகுதான் எல்லார் கம்ப்யூட்டருக்கும். புது வெர்ஷனில் உங்கள் அன்றாட வேலையைப் பாதியாகக் குறைக்கும் ஒரு வசதி இருந்தால் ஒரு படி முன்னால் போகலாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் ஒரு வருட வெர்ஷனை முழுசாகத் தாண்டிவிடுவதும் தப்பில்லை. பழைய ஃபைலை நேராகப் பல வெர்ஷன் முன்னால் திறக்கலாம், படிப்படியாக ஏற வேண்டிய அவசியம் இல்லை.

அதே வருட வெர்ஷனுக்குள் எஸ்பி மாற்றுவது இவ்வளவு பெரிய முடிவு இல்லை. ஃபைல் வடிவம் பொதுவாக அந்த வருடம் முழுக்க ஒன்றாகவே இருக்கும். ஒவ்வொரு எஸ்பியோடும் சரிசெய்த பிழைகளின் பட்டியல் வரும். நூற்றுக்கணக்கில் இருக்கும், பயந்துவிடாதீர்கள். டிராயிங், ஷீட் மெட்டல், வெல்ட்மென்ட் என்று நீங்கள் தொடும் பகுதிகளை மட்டும் தேடிப் பாருங்கள். உங்களைத் தினமும் படுத்தும் பிழை அதில் இருந்தால் அந்த வாரமே போடலாம்.

எந்த மாதம்?

மார்ச்சில் தொடாதீர்கள். நிதியாண்டு முடிவு, டிஸ்பாட்ச் நெருக்கடி, பில் போட்டாக வேண்டும் என்ற அவசரம். அந்த மாதத்தில் கம்ப்யூட்டர் ஒரு நாள் நின்றால்கூட ஷாப் ஃப்ளோர் வரைக்கும் தெரியும். அதேபோல ஒரு பெரிய வேலை பாதியில் இருக்கும்போதும் வேண்டாம். டிராயிங் கஸ்டமரிடம் அப்ரூவலுக்குப் போயிருக்கிறது, திருத்தம் கேட்டு வரப்போகிறது என்றால் அது முடியட்டும். அப்ரூவல் ஆன டிராயிங்கும் புது வெர்ஷனில் திறந்த டிராயிங்கும் ஒரு கோட்டில் வித்தியாசப்பட்டாலும் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

எனக்குப் பிடித்த நேரம் ஆயுத பூஜையை ஒட்டிய வாரம். மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது ஆபீஸிலும் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். அந்த வருட வெர்ஷனும் எஸ்பி 4 அளவுக்கு வந்திருக்கும். ஆனால் நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் மாலையில் போட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். தீபாவளிக்கு நீங்கள் விடுமுறை என்றால் உதவிக்கு அழைக்க வேண்டிய சப்போர்ட் ஆட்களுக்கும் விடுமுறைதான். வியாழன் மாலை தொடங்கி, வெள்ளி முழுக்க வேலை செய்து பார்த்து, சனிக்கிழமையைப் பிழை திருத்த வைத்துக்கொள்வது வசதி.

சோதனை: நல்ல ஃபைலை எடுக்காதீர்கள்

இந்தப் பகுதிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். எல்லாரும் சோதனைக்கு ஒரு சின்ன பிராக்கெட்டைத் திறந்து பார்த்து "நல்லாத்தான் ஓடுது" என்பார்கள். பிராக்கெட் எந்த வெர்ஷனிலும் ஓடும். நீங்கள் எடுக்க வேண்டியது ஆபீஸிலேயே அதிகம் தொந்தரவு கொடுக்கும் வேலைகளை. நான் நாலு வைத்திருக்கிறேன்: ஃபில்லெட் நிறைந்த ஒரு காஸ்டிங், மடிப்புகள் அதிகமுள்ள ஒரு ஷீட் மெட்டல் பேனல், எங்களிடம் இருப்பதிலேயே பெரிய அசெம்பிளி, எக்செல் டேபிளில் முப்பது அளவுகள் ஓடும் ஒரு ஃபிளேஞ்ச். வருடாவருடம் அதே நாலுதான். அதனால் ஒப்பிடவும் எளிது.

பழைய வெர்ஷனில் ஒவ்வொன்றையும் திறந்து, கன்ட்ரோல், க்யூ இரண்டையும் சேர்த்து அழுத்தி முழுசாக ரீபில்ட் செய்யுங்கள் (மாடலை முதலிலிருந்து திரும்பக் கணக்கிடுவது). பாதி நேரம் இதிலேயே பழைய பிழைகள் தெரிந்துவிடும். அவற்றை இப்போதே சரிசெய்துவிட்டால் பிறகு புது வெர்ஷன் மேல் பழி போடாமல் இருக்கலாம். அப்புறம் எழுதிக்கொள்ளுங்கள்: எடை, திறக்க எடுக்கும் நேரம், ரீபில்ட் நேரம், ஷீட் மெட்டலை விரித்தால் வரும் நீளமும் அகலமும். எல்லா டிராயிங்கையும் பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள்.

இப்போது இந்த நாலு வேலையையும் தனி ஃபோல்டருக்கு நகல் எடுங்கள். பேக் அண்ட் கோ கொடுத்து எடுத்தால் சேர்ந்த பார்ட்டுகளும் லைப்ரரி போல்ட்டுகளும் கூடவே வரும். சும்மா ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்தால் அசெம்பிளி பழைய இடத்திலிருந்தே போல்ட்டைத் தேடி எடுக்கும், எங்களுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். சோதனைக் கம்ப்யூட்டருக்கு நடப்பு ஃபோல்டரில் படிக்க மட்டும் அனுமதி, எழுத அனுமதி கிடையாது என்பதையும் இப்போதே செய்துவிடுங்கள்.

புது வெர்ஷனில் திறந்து, ஆப்ஷன்களில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் இருக்கும் வெரிஃபிகேஷன் ஆன் ரீபில்டை ஆன் செய்து, மறுபடி கன்ட்ரோல் க்யூ. கொஞ்சம் மெதுவாக ஓடும். பரவாயில்லை, முகங்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களை அப்போதுதான் அது கூர்ந்து பார்க்கும். பிறகு எழுதி வைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். காஸ்டிங் எடை முன்பு 18.42 கிலோ, இப்போது 18.39 என்றால் "30 கிராம்தானே" என்று விடாதீர்கள். எங்கோ ஒரு ஃபில்லெட் வேறு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடியுங்கள். விரித்த நீளத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் வளைவுக் கணக்கு வேறு டேபிளிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அது லேசர் கடையில் வெட்டின பிறகு தெரிந்தால் தகடு போச்சு.

டிராயிங்கைத் திரையில் பார்த்து ஒப்பிட்டால் கண் ஏமாற்றும். நான் இரண்டு பிடிஎஃப்பையும் ஏ3-ல் பிரின்ட் போட்டு, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். நகர்ந்த டைமென்ஷன், மாறிய ஹேட்ச், காணாமல் போன சென்டர் லைன், ஃபான்ட் மாறியதால் கட்டத்தை விட்டு வெளியே வந்த டைட்டில் பிளாக் எழுத்து எல்லாம் இரட்டைக் கோடாகத் தெரியும். ஒரு வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும்.

கிராஃபிக்ஸ் கார்டையும் பாருங்கள். எந்த கார்டுக்கு எந்த டிரைவர் சோதிக்கப்பட்டது என்ற பட்டியல் சாலிட்வொர்க்ஸ் தளத்தில் இருக்கிறது. கூடவே வரும் சாலிட்வொர்க்ஸ் ஆர்எக்ஸ் என்ற சின்னக் கருவியும் உங்கள் கார்டையும் டிரைவரையும் பார்த்துச் சொல்லும். திரையில் கோடுகள் மினுங்குவது, சுழற்றினால் நின்றுவிடுவது போன்ற பல புகார்களுக்குக் காரணம் டிரைவராகவே இருக்கும்.

போடும் நாள்

முந்தின நாள் பேக்கப் எடுங்கள். எடுத்தால் போதாது, அதிலிருந்து ஒரு வேலையை வேறு இடத்தில் இறக்கித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

நெட்வொர்க் லைசென்ஸ் (சர்வரிலிருந்து எல்லாரும் பகிர்ந்துகொள்வது) என்றால் சர்வரில் இருக்கும் லைசென்ஸ் மேனேஜரை முதலில் மாற்றுங்கள். புது மேனேஜர் பழைய வெர்ஷன்களுக்கும் லைசென்ஸ் கொடுக்கும். பழைய மேனேஜர் புது வெர்ஷனுக்குக் கொடுக்காது. பிடிஎம் (டிசைன் ஃபைல்களையும் திருத்தங்களையும் ஒரே இடத்தில் பராமரிக்கும் சாஃப்ட்வேர்) இருந்தால் அதன் சர்வர், டேட்டாபேஸ், அப்புறம் கிளையன்ட் என்று போக வேண்டும். பிடிஎம் வைத்திருக்கும் ஆபீஸில் இதை முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள், விற்றவரின் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இன்ஸ்டால் செய்யும்போது, இருப்பதை மேம்படுத்தவா, தனியாகப் போடவா என்று கேட்கும். தனியாக என்பதையே தேர்ந்தெடுங்கள். இரண்டு வருட வெர்ஷன்கள் ஒரே கம்ப்யூட்டரில் அருகருகே இருக்கலாம். டூல்பாக்ஸ் (போல்ட், நட் போன்ற ரெடிமேட் பாகங்கள்) ஃபோல்டர் எங்கே என்று கேட்கும் இடத்தில் மட்டும் நிதானமாக இருங்கள். பழைய பொது ஃபோல்டரையே காட்டினால் அது புது வெர்ஷனுக்கு மாற்றப்படும், பழைய வெர்ஷனால் அதன் பிறகு அதைப் பயன்படுத்த முடியாது. புதிதாக ஒரு ஃபோல்டர் கொடுங்கள். டெம்ப்ளேட், டைட்டில் பிளாக், பெண்ட் டேபிள் எல்லாவற்றுக்கும் அதே முறை. ஷார்ட்கட் கீ, டூல்பார் அமைப்புகளை காப்பி செட்டிங்ஸ் விசார்ட் கொண்டு ஒவ்வொருவருக்கும் நகர்த்திக் கொடுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பத்து வருடம் ஒரே இடத்தில் அழுத்திப் பழகின கைக்கு அது பெரிய நிம்மதி.

எல்லாரும் ஒரே நாளில் மாற வேண்டும். "நான் அடுத்த வாரம் மாறிக்கறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் பங்கு வேலை முடியும்வரை எல்லாரும் காத்திருங்கள்.

மாறிய பிறகு பழைய ஃபைல் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிட வேண்டும் என்று தோன்றும். டாஸ்க் ஷெட்யூலரில் அதற்கு வழியும் இருக்கிறது. பொது லைப்ரரிக்கு மட்டும் அதைச் செய்யுங்கள். ஆர்டர் முடிந்து, ரிலீஸ் ஆன பழைய வேலைகளை அப்படியே படிக்க மட்டும் என்று பூட்டி விடுங்கள். ரிப்பீட் ஆர்டர் வந்தால் அன்றைக்கு நகல் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

ரொம்பவும் தள்ளிப்போட்டால்

இவ்வளவும் படித்துவிட்டு "அப்போ மாத்தாமலே இருந்துடலாமே" என்று நினைக்க வேண்டாம். உங்கள் கையைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டராகத்தான் இருக்கும். விண்டோஸ் 7-ல் ஓடிய கடைசி வெர்ஷன் சாலிட்வொர்க்ஸ் 2020. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று கெட்டுப்போய்ப் புதிது வாங்கினால் அதில் விண்டோஸ் 11 வரும், உங்கள் பழைய வெர்ஷன் அதில் ஓடும் என்ற உத்தரவாதம் இல்லை. அப்போது மார்ச் மாதமா, வேலை பாதியில் நிற்கிறதா என்று பார்க்க முடியாது, அன்றே மாற வேண்டியதுதான். ஆட்டோகேட் சந்தாவில் நடப்பு வெர்ஷனோடு அதற்கு முந்தைய மூன்று வெர்ஷன்கள் வரைதான் உரிமை. அதைவிடப் பின்தங்கினால் அந்த வெர்ஷனைப் புதுக் கம்ப்யூட்டரில் போட முடியாமல் போகலாம். கஸ்டமர் முன்னால் போய்விட்டு அவருடைய ஃபைல் உங்களிடம் திறக்காமல் போவதும் உண்டு. இரண்டு வெர்ஷனுக்கு மேல் பின்தங்காமல் இருப்பதை நான் எல்லையாக வைத்திருக்கிறேன்.

ஒன்று மறக்காமல் செய்யுங்கள். பழைய வெர்ஷனின் இன்ஸ்டாலர், கடைசியாக ஓடிய எஸ்பி, அந்த நாள் டெம்ப்ளேட்டுகள், டூல்பாக்ஸ் ஃபோல்டர், மேக்ரோக்கள் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போடுங்கள். மேலே ஒரு சீட்டு ஒட்டி வெர்ஷன், எஸ்பி எண், தேதி, லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். இணையத்தில் எப்போதும் கிடைக்கும் என்று விடாதீர்கள். ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரில் அந்தப் பழைய வெர்ஷன் இன்னும் ஒரு வருடமாவது ஓடும் நிலையில் இருக்கட்டும். மூன்று வருடம் முந்தைய பம்புக்கு ஸ்பேர் கேட்டு ஒருவர் வந்து நின்றால், அந்த டிராயிங்கை அன்று ரிலீஸ் ஆனபடியே திறந்து பார்க்க உங்களுக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேண்டும்.